டால்டன் ட்ரம்போ பெயரில்லாமல் எழுதியவை: எதை நம்பலாம், காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

திரைப்படக் கல்வியில் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “‘ரோமன் ஹாலிடே’ படத்தை எழுதியது டால்டன் ட்ரம்போ என்கிறார்கள், படத்தின் டைட்டிலில் வேறு பெயர் வருகிறது. கறுப்புப் பட்டியலில் இருந்த காலத்தில் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் ஒரு முழுப் பட்டியல் கிடைக்குமா? அவருடைய காகிதங்கள் எங்கே இருக்கின்றன, இந்தியாவில் இருந்தே பார்க்க முடியுமா?” ட்ரம்போ ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர். கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு ஸ்டூடியோக்கள் வேலை தர மறுத்ததைத்தான் கறுப்புப் பட்டியல் என்பார்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்று பாடுபட்டு எழுதிய ஒருவரின் எழுத்தை எந்த ஆதாரத்தை வைத்து அவருடையது என்று சொல்வது? இதற்கு விடை தெரிந்துகொண்டால் பட்டியலை நீங்களே போட்டுவிடலாம். அடுத்தவர் போட்ட பட்டியலில் எந்த வரியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்றும் தெரியும்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ட்ரம்போ 1905 டிசம்பர் 9 அன்று கொலராடோ மாநிலத்தின் மான்ட்ரோஸ் ஊரில் பிறந்தார். தந்தை இறந்தபின் குடும்பத்தைத் தாங்க லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பேக்கரியில் பல வருடங்கள் இரவு வேலை பார்த்தபடியே எழுதினார். 1934-ல் வார்னர் பிரதர்ஸின் கதை இலாகாவில், வந்த கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதும் வேலை கிடைத்தது. 1939-ல் வந்த அவருடைய போர் எதிர்ப்பு நாவல் ‘ஜானி காட் ஹிஸ் கன்’ விருது பெற்றது. 1940-ல் வந்த ‘கிட்டி ஃபாயில்’ படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. 1947 வாக்கில் எம்ஜிஎம் நிறுவனத்தில் ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் வாங்கும் ஒப்பந்தம் இருந்தது. ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவர் அவர். 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததை அவரே பிற்காலத்தில் மறைக்கவில்லை.

1947 அக்டோபர் 28 அன்று, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் அவர் நிறுத்தப்பட்டார். கட்சி உறுப்பினரா, எழுத்தாளர் சங்க உறுப்பினரா என்ற கேள்விகளுக்கு ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்ல மறுத்தார். அந்த விசாரணைக் குறிப்பில் உங்கள் ஆய்வுக்கு நேரடியாக உதவும் ஓரிடம் இருக்கிறது. தான் எழுதிய 20 திரைக்கதைகளை மேசையில் வைத்து, இவற்றில் தேச விரோதம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள், பதிவில் சேருங்கள் என்றார் ட்ரம்போ. ஒரு திரைக்கதை எவ்வளவு நீளம் என்று குழுத் தலைவர் பார்னெல் தாமஸ் கேட்டார். 115 பக்கத்தில் இருந்து 170 பக்கம் வரை என்றதும், பக்கங்கள் மிக அதிகம் என்று சொல்லித் தள்ளிவிட்டார். எழுதியதைப் படிக்காமல் எழுதியவரைத் தண்டித்தார்கள் என்பதற்கு அரசாங்கமே அச்சிட்ட பதிவு அது. அந்த அச்சுத் தொகுதியை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அமெரிக்க அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது. உங்கள் வேலையை அதில் இருந்தே தொடங்குங்கள்.

நவம்பர் 24-ல், ட்ரம்போ உட்பட குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் மீது அவை அவமதிப்புத் தீர்மானம் நிறைவேறியது. ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் கூடி, இந்தப் பத்துப் பேருக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். 1950-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. அந்த ஜூன் மாதம் கென்டக்கியில் உள்ள ஆஷ்லாண்ட் மத்திய சிறைக்குப் போன ட்ரம்போ, பத்து மாதம் இருந்துவிட்டு 1951 ஏப்ரலில் வெளியே வந்தார். அந்த ஆண்டின் கடைசியில் குடும்பத்தோடு மெக்ஸிகோ போனவர் 1954-ல் திரும்பினார். இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும், எங்கே இருந்து எழுதியது என்று தெரிந்தால் ஆண்டைக் கணிக்க இது உதவும்.

இனி விஷயத்தின் நடு. கறுப்புப் பட்டியல் காலத்தில் அவர் எழுத்து இரண்டு வழிகளில் சந்தைக்குப் போனது. ஒன்று பினாமி: உயிரோடு இருக்கும் இன்னொரு எழுத்தாளர் தன் பெயரைக் கொடுப்பார். மற்றது ஆளே இல்லாத புனைபெயர். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் ஆதாரம் தேடுபவருக்கு இதுதான் முதல் கேள்வி. பினாமி என்றால் அவருடைய குடும்பம், அவருடைய கடிதங்கள், அவருடைய வாக்குமூலம் என்று இரண்டாவது சாட்சி ஒன்று இருக்கும். புனைபெயர் என்றால் ட்ரம்போவின் காகிதமும் தயாரிப்பாளரின் கணக்கும்தான் சாட்சி. ‘ரோமன் ஹாலிடே’யில் பினாமி இயன் மெக்லெல்லன் ஹன்டர். ‘கன் கிரேஸி’யில் மில்லார்ட் காஃப்மன். ‘தி பிரவ்லர்’ படத்தில் ஹ்யூகோ பட்லர். ‘தி பிரேவ் ஒன்’ படத்தின் ராபர்ட் ரிச் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்: தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்களின் உறவினர் ஒருவரின் பெயர் அது, எழுத்துக்கும் அந்த மனிதருக்கும் சம்பந்தம் இல்லை. ‘ஸ்பார்டகஸ்’ வேலையின்போது ஓடிய பெயர் சாம் ஜாக்ஸன். அது வெறும் புனைபெயர். ஸ்டூடியோவுக்குக் காட்ட எட்வர்ட் லூயிஸ் என்ற தயாரிப்பாளரின் பெயரும் கூடவே இருந்தது.

‘ரோமன் ஹாலிடே’யைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உறுதியானதும் கேள்விக்குரியதும் ஒரே படத்தில் எப்படிக் கலந்திருக்கின்றன என்று அதில் தெரியும். கதை ட்ரம்போவுடையது என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஹன்டர் அதைத் தன் பெயரில் விற்றுப் பணத்தை ட்ரம்போவிடம் சேர்த்தார். 1954 விழாவில் சிறந்த திரைப்படக் கதைக்கான ஆஸ்கர் ஹன்டர் பெயருக்குப் போனது. ஹன்டரும் கறுப்புப் பட்டியலில் விழுந்தார் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள். பெயர் கொடுத்தவர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை, தங்கள் பிழைப்பைப் பணயம் வைத்தார்கள். 1993-ல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி அந்த விருதை ட்ரம்போவின் மனைவி கிளியோவிடம் அளித்தது. 2011 டிசம்பரில், இரு எழுத்தாளர்களின் பிள்ளைகளும் எடுத்த முயற்சியால், எழுத்தாளர் சங்கம் திரைக்கதையிலும் ட்ரம்போவின் பெயரைச் சேர்த்தது. இன்றைய அதிகாரபூர்வ நிலை: கதை ட்ரம்போ, திரைக்கதை ட்ரம்போ, ஹன்டர், ஜான் டைட்டன் மூவரும்.

ஆனால் “அந்தக் காட்சியை எழுதியவர் ட்ரம்போ” என்று ஆய்வேட்டில் எழுதப் போனால் நில்லுங்கள். ரோமில் 1952 கோடையில் படம் பிடித்தபோது ட்ரம்போ மெக்ஸிகோவில் இருந்தார். இடையில் ஹன்டர் திருத்தினார், டைட்டன் மாற்றினார், முதலில் கதையை வாங்கிய இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் கையில் இருந்து இன்னொரு இயக்குநரான வில்லியம் வைலரிடம் படம் போனது. சங்கம் கொடுக்கும் பெயர் உழைப்புக்கான அங்கீகாரம். வரிக்கு வரி யார் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால் தேதியிட்ட திரைக்கதைப் படிகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். அந்தப் படிகள் ஒரே இடத்தில் இல்லை. படத்தை எடுத்த பாராமவுண்ட் நிறுவனத்தின் திரைக்கதைகள் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் உள்ளன. வைலரின் காகிதங்கள் அங்கேயும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் (யுசிஎல்ஏ) இருக்கின்றன. காப்ராவின் காகிதங்கள் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

‘கன் கிரேஸி’ இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு பாடம். கதை மெக்கின்லே கான்டருடையது, முதல் திரைக்கதையும் அவர் எழுதியதே. மிக நீளமாக இருந்த அதை வெட்டி, இறுக்கி, படமாக்கத் தக்கதாக ஆக்கியதுதான் ட்ரம்போவின் வேலை. அவருக்குக் கிடைத்தது 3,750 டாலர், அதுவும் ஒன்றரை வருடத்தில் தவணையாக. 75,000 வாங்கிய கை அது. ஆகவே “ட்ரம்போ எழுதிய கன் கிரேஸி” என்று சொல்வதும் பாதி உண்மைதான். சுருக்கியவருக்கும் உருவாக்கியவருக்கும் உரிய பங்கைப் பிரித்துச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைக்கப்பட்டவருக்கு நியாயம் செய்யும் ஆர்வத்தில் பெயரோடு எழுதியவருக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. இந்த வகை ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

‘தி பிரேவ் ஒன்’ கதை பலருக்குத் தெரியும். 1957 மார்ச்சில் நடந்த விழாவில் ராபர்ட் ரிச் என்ற பெயர் அழைக்கப்பட்டது, ஆள் வரவில்லை, சங்கத்தின் சார்பில் ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் மேடையேறி விருதை வாங்கினார். அதற்கு முந்தைய மாதம்தான், விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்தவர்கள் ஆஸ்கருக்குத் தகுதியில்லை என்று அகாடமி விதி போட்டிருந்தது. 1959 ஜனவரியில் அந்த விதி ரத்தானது. ரிச் நான்தான் என்று ட்ரம்போ அறிவித்தார். சிலை அவர் கைக்கு வந்தது 1975-ல், இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது விருதுக்குப் பிறகான இரண்டு வருடங்களை. ரிச் யார் என்று பத்திரிகைகள் துரத்தியபோது ட்ரம்போ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு யாரோ எழுதிய படங்களைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். கறுப்புச் சந்தையின் அளவை ஊரே பேச வேண்டும், யார் எதை எழுதினார் என்று முதலாளிகளுக்கே குழம்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம், அது பலித்தது. அரசியல் செயலாக அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1957-க்கும் 1959-க்கும் இடையே அவர் பத்திரிகைகளிடம் சொன்னதையோ சொல்லாமல் விட்டதையோ வைத்து ஒரு படத்தை அவர் கணக்கில் ஏற்றினால், அவர் பத்திரிகைக்காரர்களுக்கு விரித்த வலையில் நீங்களும் விழுந்தவர் ஆவீர்கள். இணையத்தில் சுற்றும் நீளமான படப் பட்டியல்களில் சில வரிகள் இப்படி வந்தவைதான்.

அப்படியானால் எது ஆதாரம்? என் கணிப்பில் வலுவின் வரிசை இப்படி வரும். முதலிடம், அவர் கைப்படத் திருத்திய படி, அதோடு பொருந்தும் பணக் கணக்கு, பினாமியின் தனி வாக்குமூலம் மூன்றும் சேர்ந்திருப்பது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கைகளில் இருந்து வருவதால் அது அசையாது. அடுத்தது, வேலை நடந்த அந்த நாட்களிலேயே எழுதிய கடிதம்: இத்தனையாம் காட்சியை அனுப்பிவிட்டேன், மீதிப் பணம் எப்போது என்கிற மாதிரி. பிற்கால நேர்காணல் அதற்குக் கீழேதான். இருபது வருடம் கழித்துச் சொல்லும் நினைவில் ஆண்டு மாறும், பங்கும் கூடும். சங்கத்தின் திருத்திய பெயர்ப் பட்டியலைத் தொடக்கமாக வையுங்கள். காஃப்மன் தானே முன்வந்து ‘கன் கிரேஸி’ என்னுடையதல்ல என்று சொன்னது போன்ற வாக்குமூலங்கள் அதன் பின்னால் இருப்பதால் அது மதிப்புள்ளது. ஆனால் சில நாள் வேலை, வசனத்தைத் தேய்த்துக் கொடுத்தது போன்றவை அந்தப் பட்டியலுக்குள் வரவே வராது. காகிதமே உண்டாகாமல் பேச்சிலும் ரொக்கத்திலும் முடிந்த வேலைகள் அவை. எந்தக் காப்பகமும் அவற்றை மீட்டுத் தராது. ஆக, நீங்கள் கேட்ட ‘முழுப் பட்டியல்’ என்பது ஆதாரத்தின் தன்மையாலேயே முடியாத ஒன்று. ‘உறுதியானவை’, ‘பங்கு உண்டு, அளவு தெளிவில்லை’, ‘வதந்தி மட்டும்’ என்று மூன்று பத்திகள் போட்டு வைப்பதுதான் நேர்மையான பட்டியல்.

நடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வசனத்தில் இடதுசாரி வாசனை அடிக்கிறது, ஆகவே இது ட்ரம்போ என்பது 1947-ல் அந்தக் குழு செய்த அதே வேலை. 1943-ல் வந்த அவருடைய ‘டெண்டர் காம்ரேட்’ படத்தில், இருப்பதைப் பங்கிட்டுக்கொள்வதுதான் ஜனநாயகம் என்ற பொருளில் ஜிஞ்சர் ராஜர்ஸ் பேசும் ஒரு வசனத்தை, நடிகையின் தாயார் லேலா ராஜர்ஸ் கம்யூனிசப் பிரசாரம் என்று குற்றம் சாட்டினார். ஒரு வரியில் இருந்து ஒரு மனிதனின் அரசியலைப் படிக்கும் முறை எவ்வளவு தவறானதோ, அதே வரியில் இருந்து எழுதியவர் பெயரைப் படிப்பதும் அவ்வளவு தவறானது.

இனி காகிதங்கள். முதன்மைத் தொகுப்பு மேடிசன் நகரில், விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அந்தச் சங்கமும் விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் 1960-ல் சேர்ந்து தொடங்கிய நாடக, திரைப்பட ஆய்வு மையத்தின் சேகரிப்பில் அது ஒரு பகுதி. சுமார் 1962 வரையிலான காலத்தைக் கொண்டது, அதாவது உங்களுக்கு வேண்டிய கறுப்புப் பட்டியல் ஆண்டுகள் முழுக்க அங்கே வருகின்றன. கடிதங்கள், திரைக்கதைப் படிகள், வழக்கு சம்பந்தமான காகிதங்கள் எல்லாம் உண்டு. அவருடைய இன்னொரு தொகுப்பு யுசிஎல்ஏ சிறப்புச் சேகரிப்பில் இருக்கிறது. விஸ்கான்சினுக்குப் போவதில் ஒரு பெரிய லாபம் உண்டு: அந்தப் பத்துப் பேரில் அல்வா பெஸ்ஸி, ஆல்பர்ட் மால்ட்ஸ், சாமுவேல் ஆர்னிட்ஸ், ஹெர்பர்ட் பைபர்மன் ஆகியோரின் காகிதங்களும், பத்துப் பேருக்கும் வாதாடிய வழக்கறிஞர்கள் ராபர்ட் கென்னி, ராபர்ட் மாரிஸ் இருவரின் தொகுப்பும் அதே கூரையின் கீழ் இருக்கின்றன. ‘ஸ்பார்டகஸ்’ படத்தின் நாயகன் கிர்க் டக்ளஸின் தொகுப்பும் அங்கேதான். ஒருவர் எழுதிய கடிதத்துக்கு மற்றவர் எழுதிய பதிலை அதே வாசிப்பறையில் கேட்டு வாங்கலாம். இப்படி ஒரு வசதி அரிது.

டக்ளஸ் தொகுப்பைச் சொல்லக் காரணம், கறுப்புப் பட்டியலை உடைத்தது யார் என்ற ஓயாத சண்டை. தேதிகளில் ஐயமில்லை: 1960 ஜனவரியில் ‘எக்ஸோடஸ்’ படத்தை எழுதுவது ட்ரம்போ என்று அதன் இயக்குநர் ஓட்டோ பிரெமிங்கர் பகிரங்கமாக அறிவித்தார். ‘ஸ்பார்டகஸ்’ அக்டோபரில் அவர் பெயரோடு வந்தது, ‘எக்ஸோடஸ்’ டிசம்பரில். பகிரங்க அறிவிப்பில் முந்தியவர் பிரெமிங்கர், திரையில் முந்தியது ‘ஸ்பார்டகஸ்’. அறிவிப்புக்கு முன்பே நான் முடிவெடுத்துவிட்டேன் என்று டக்ளஸ் பின்னாளில் எழுதியது அவருடைய கூற்று. ட்ரம்போ குடும்பத்தாரும் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களும் அதை அப்படியே ஏற்கவில்லை. தயாரிப்பாளர் எட்வர்ட் லூயிஸின் பங்கு மறைக்கப்பட்டது என்பது அவர்கள் தரப்பு. என் பார்வையில், ஒற்றை வீரனைத் தேடுவதே பிழை. ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ எழுதிய நெட்ரிக் யங் போன்றவர்கள் 1959-லேயே அகாடமியின் விதியைத் தகரவைத்திருந்தார்கள். டக்ளஸ் தொகுப்பில் நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது வேறு: ‘ஸ்பார்டகஸ்’ படத்தை முதல் தடவை வெட்டி ஒட்டிய வடிவத்தில் பார்த்துவிட்டு ட்ரம்போ எழுதிய நீண்ட அறிக்கை. மாபெரும் எழுச்சியின் தலைவனான பெரிய ஸ்பார்டகஸ், சிறையிலிருந்து தப்பிய சிறு கூட்டத்தின் தலைவனான சின்ன ஸ்பார்டகஸ் என்று இரண்டாகப் பிரித்து, படம் சின்னவன் பக்கம் சரிகிறது என்று காட்சி காட்சியாக வாதாடுவார். திரைக்கதை எழுதுகிற யாரும் படிக்க வேண்டிய காகிதம்.

காகிதங்களைப் படிக்கும்போது வழுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ட்ரம்போ தான் அனுப்பிய கடிதங்களுக்குக் கார்பன் பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அதனால்தான் இவ்வளவு தெரிகிறது. ஆனால் கார்பன் பிரதி என்பது எழுதியதற்குச் சாட்சி, அனுப்பியதற்கு அல்ல. கோபத்தில் தட்டெழுதி, அனுப்பாமல் வைத்த கடிதத்துக்கும் கார்பன் இருக்கும். பெற்றவரின் பதிலோ, அவருடைய தொகுப்பில் அசலோ கிடைத்தால் மட்டும் ‘அனுப்பினார்’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ‘எழுதினார்’ என்று நிறுத்துங்கள். கையால் சேர்த்த திருத்தம் சில நேரம் அசலில் மட்டும் இருக்கும், கார்பனில் வராது. கையெழுத்தும் அப்படியே. பெயர்கள் வேண்டுமென்றே மாற்றி எழுதப்பட்டவை, ஆகவே எந்தப் புனைபெயர் எந்தத் தயாரிப்பாளரோடு எந்த மாதங்களில் ஓடியது என்று ஒரு தனி நோட்டில் அட்டவணை போட்டுக்கொண்டே போங்கள். அது இல்லாமல் இரண்டாவது பெட்டியிலேயே தலை சுற்றிவிடும். இன்னொன்று, கடிதங்களில் பெரும்பகுதி பணம், கடன், தாமதம் பற்றியவை. அவற்றை நாட்குறிப்பு போலப் படிக்கக் கூடாது. தயாரிப்பாளரிடம் பேரம் பேசும் மனிதன் தன் உழைப்பைக் கூட்டியும் தன் நிலைமையைக் கெடுத்தும் சொல்வான். நண்பனுக்கு அதே வாரம் எழுதிய கடிதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அளவு பிடிபடும்.

திரைக்கதைப் படிகளில் முகப்புத் தாளை நம்பாதீர்கள். ஸ்டூடியோ வழக்கப்படி படப்பிடிப்புக் காலத்தில் மாற்றிய பக்கங்கள் வேறு வண்ணத் தாளில் செருகப்படும், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் மாற்றிய தேதி இருக்கும். முகப்பில் ஒரு தேதி, உள்ளே ஐந்து தேதிகள் என்பது சாதாரணம். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்து வாங்கினால் வண்ணம் போய்விடும். எந்தப் பக்கம் எந்த நிறம் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது வண்ண ஸ்கேன் கேளுங்கள். தேதியில்லாத படி என்றால் காட்சி எண்ணும் பாத்திரங்களின் பெயரும் உதவும். பெயர் மாறியிருந்தால், மாறியது எந்தப் படியில் என்று பார்த்து முன்பின் வரிசைப்படுத்தலாம்.

இந்தியாவில் இருந்து வேலை செய்யும் முறை இது. முதலில் விஸ்கான்சின் தொகுப்பின் பெட்டிவாரிப் பட்டியலை இணையத்தில் முழுதாகப் படியுங்கள். எந்தப் பெட்டி, எந்த உறை, அதில் எந்த ஆண்டு என்பது வரை அதில் இருக்கும், உறைக்குள் உள்ள ஒவ்வொரு கடிதமும் இருக்காது. காப்பக ஊழியருக்கு எழுதும்போது ‘ட்ரம்போ பற்றி எல்லாம் வேண்டும்’ என்று எழுதினால் பட்டியலைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். தொகுப்பின் எண், பெட்டி எண், உறை எண், ஆண்டு, உங்களுக்கு வேண்டியது என்ன என்று நான்கு வரியில் எழுதுங்கள். நகல் கட்டணத்தையும் காத்திருக்கும் காலத்தையும் முதல் கடிதத்திலேயே கேளுங்கள். ஓர் உறைக்கு மேல் ஒரே தடவையில் கேட்காதீர்கள். முதல் நகலைப் பார்த்தால்தான் அடுத்து எது வேண்டும் என்று தெரியும், வீண்செலவும் குறையும். மேடிசனில் யாராவது நண்பர் படித்துக்கொண்டிருந்தால் அவரைக் கேளுங்கள்: வாசிப்பறையில் பென்சில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு உறை மட்டும், ஃபிளாஷ் இல்லாத படம் என்ற விதிகள் பெரும்பாலான காப்பகங்களில் பொது. அவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு உறையிலும் முதல் படம் உறையின் மேல் உள்ள எண்ணாக இருக்க வேண்டும், வெற்றுப் பின்பக்கமாக இருந்தாலும் வரிசை கெடாமல் எடுக்க வேண்டும். எண் தெரியாத அழகான கடிதப் படத்தை ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட முடியாது.

அதற்கெல்லாம் முன்னால், செலவே அதிகம் இல்லாத ஒரு வழி உண்டு. 1942 முதல் 1962 வரையிலான அவருடைய கடிதங்களை ஹெலன் மான்ஃபுல் தொகுத்து 1970-ல் ‘அடிஷனல் டயலாக்’ என்ற பெயரில் வெளியிட்டார். சிறையில் இருந்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதியவை, கிங் சகோதரர்களோடு நடந்த பேரங்கள், நண்பர்களோடு போட்ட சண்டைகள் எல்லாம் அதில் வருகின்றன. தேர்ந்தெடுத்த தொகுப்புதான், ட்ரம்போ உயிரோடு இருந்தபோது வந்ததால் சிலவற்றுக்குத் திரை போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. இருந்தாலும் எந்த ஆண்டில் எதைத் தேடுவது என்று அதைப் படித்தால் பிடிபடும். பழைய பிரதிகள் கிடைக்கின்றன. பல்கலைக்கழக நூலகம் மூலமாக வெளிநாட்டுக் கடன் கேட்டுப் பாருங்கள்.

எஃப்பிஐ கோப்புகளையும் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வெளிவந்த அளவுக்குப் பார்க்கலாம். கறுப்பு மை பூசிய பக்கங்கள் நிறைய இருக்கும். அதில் யார் எங்கே போனார், யாரைச் சந்தித்தார் என்பதை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் பின்தொடர்ந்து பார்த்து எழுதியது. யார் என்ன நினைத்தார், என்ன எழுதினார் என்பது தகவல் சொன்னவரின் ஊகம், சில சமயம் அவருடைய பகை. எழுத்துரிமையை நிறுவ அதை மட்டும் வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

கடைசியாக உரிமை. காகிதம் காப்பகத்துக்குச் சொந்தம், எழுத்து அல்ல. ட்ரம்போ 1976 செப்டம்பர் 10 அன்று இறந்தார். அமெரிக்கச் சட்டப்படி அவருடைய வெளிவராத கடிதங்களின் பதிப்புரிமை 70 ஆண்டு கணக்கில் 2046 முடிய வாரிசுகளிடம் இருக்கும். ஸ்டூடியோவுக்கு விற்ற திரைக்கதையின் உரிமை பெரும்பாலும் ஸ்டூடியோவுடையது, எழுதியவர் யார் என்று நீங்கள் நிரூபித்தாலும் அது மாறாது. ஆய்வேட்டில் சில வரிகளை மேற்கோள் காட்டி விமர்சிக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. முழுக் கடிதத்தைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பது அதற்குள் வராது. காப்பகம் நகல் அனுப்பும்போது கூடவே வரும் படிவத்தில் ‘சொந்த ஆய்வுக்கு மட்டும்’ என்று இருக்கும். பின்னால் புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால், எந்தெந்தக் கடிதம் என்ற பட்டியலோடு அனுமதி கேட்கும் வேலையை ஆய்வேடு முடியும் முன்பே தொடங்கிவிடுங்கள், வாரிசுகளிடம் இருந்து பதில் வர மாதங்கள் ஆகலாம்.